டயரோடு வந்த தரை

ஒரு ஜனவரி காலை. காரைப் பின்னால் எடுத்தபோது முன் டயரிலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தால், மூன்று மாதத்துக்கு முன் போர்டிகோவில் போட்ட சாம்பல் நிற எபாக்ஸி பெயிண்ட் தோசை அளவுக்கு உரிந்து டயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கார் நின்ற இடத்தில் நான்கு டயருக்கும் நான்கு வழுக்கைகள்.

உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தேன். மேற்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவு. விரலால் தேய்த்தால் கோலமாவாக உதிர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நடந்தது கொஞ்சம் புரிந்தது. பெயிண்ட் தன் பிடியை விடவே இல்லை. தான் பற்றிய சிமெண்ட் மாவை இறுகப் பிடித்தபடியே வந்திருந்தது. பிடியை விட்டது தரை.

அந்தத் தரையைப் போட்டவரை நான் குறை சொல்லப்போவதில்லை. அவசரம் என்னுடையது. ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைக்கும்போது தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். காலையில் தரையைக் கழுவினார்கள், ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள், மதியம் காற்றாடி வைத்து உலர்த்தினார்கள், மாலையில் பூசி முடித்தார்கள். ஒரே நாள். வீடு இருப்பது தென் சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. போர்டிகோவில் முழங்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு தரையில் அங்கங்கே அம்மைக் கொப்புளம் போலச் சிறு சிறு குமிழ்கள். ஜனவரியில் தோல் உரிந்தது.

சொந்த வீடு, அபார்ட்மென்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங், தெருமுனை மெக்கானிக் ஷெட், சின்னப் பட்டறை என்று எங்கு பார்த்தாலும் இப்போது தரைக்கு எபாக்ஸி போடும் ஆசை வந்திருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகளுக்குள் போய் வந்தவர்களுக்கு, முகம் தெரியும் அந்தத் தரையைத் தம் வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஆலைகளில் பூச்சுக்கு முன்னால் தரைக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குக் காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாத வேலையைப் பற்றியது.

நைஸ் பூச்சு என்னும் மெல்லிய தோல்

கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கடற்பஞ்சின் குணம் கொண்டது. சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்து வினைபுரிந்து இறுகும்போது, வினைக்குத் தேவையானதைவிட அதிகமாக ஊற்றிய தண்ணீர் வெளியேறும் வழியெல்லாம் மயிரிழைத் துளைகளாகத் தங்கிவிடும். கலவை எளிதாக இழுபட வேண்டும் என்பதற்காக இன்னொரு குடம் தண்ணீரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் நாம் அந்தத் துளைகளைப் பெருக்குகிறோம்.

கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்த கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கனமான ஜல்லியும் மணலும் கீழே இறங்க, தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏறும்போது மெல்லிய சிமெண்ட் துகள்களையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்தத் தண்ணீர் காய்ந்தால் மிஞ்சுவது பால் ஏடு போன்ற ஒரு படலம். வலுவில்லாதது, மாவு போன்றது. கீழே இருக்கும் கான்கிரீட் ஒரு லாரியைத் தாங்கும். மேலே இருக்கும் ஏடு ஒரு ஆணியின் கீறலைத் தாங்காது.

நம் ஊர் வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஈரம் வற்றாத தரைமேல் வெறும் சிமெண்ட்டைத் தூவி, கரணையால் இழுத்து இழுத்து மழமழவென்று ஆக்கி, ‘நைஸ் பூச்சு’ என்று பெருமையாகச் சொல்கிறோம். கொத்தனாரின் கைத்திறமையை அளக்கும் இடமே அதுதான். வெறும் தரையாக விட்டுவிட்டால் அந்த நைஸ் பூச்சு பல ஆண்டுகள் அழகாகவே இருக்கும். அதன்மேல் பெயிண்ட் போட நினைக்கும்போதுதான் சிக்கல். பெயிண்ட் நுழைய அங்கே துளை இல்லை, பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் இல்லை. பற்றிக்கொண்டாலும் அடியில் இருப்பது மாவு.

நம் பாட்டி வீட்டுச் சிவப்புத் தரை ஏன் உரியவில்லை என்று கேட்கலாம். செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் அறுபது, எழுபது ஆண்டு ஆன ரெட் ஆக்சைடு தரைகள் இன்றும் முகம் காட்டுகின்றன. அவற்றில் உரிவதற்குப் படலம் என்று ஒன்றே கிடையாது. சிமெண்ட் சாந்திலேயே நிறத்தைக் கலந்து, ஈரத்திலேயே அழுத்தித் தேய்த்து, நாள் கணக்கில் தண்ணீர் நிறுத்தி, பிறகு மெருகேற்றிய தரை அது. நிறமும் தரையும் ஒரே உடம்பு. எபாக்ஸி அப்படி இல்லை; அது வெளியிலிருந்து வந்து ஒட்டும் விருந்தாளி. விருந்தாளிக்கு உட்கார இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டும்.

கடையில் ஒரு டின் எனாமல் பெயிண்ட் வாங்கித் தரையில் பூசிவிட்டு, ஆறு மாதத்தில் அது பிசுபிசுத்துப் போவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். காரணம் சமையலறைப் பாடம்தான். கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. புதுத் தரையின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். எண்ணெய் அடிப்படையிலான பெயிண்ட் ஈரமும் காரமும் சேர்ந்த இடத்தில் மெல்ல மெல்லச் சோப்பாக மாறிவிடும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சும் அதே வினை. எனாமலுக்குத் தரை ஏற்ற இடமே இல்லை.

ஓதம்

என் போர்டிகோவில் மாவுத் தோல் பாதிக் காரணம். மறுபாதிக்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: ஓதம். சுவரின் அடியில் பெயிண்ட் ஊதி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிரும்போது ‘ஓதம் ஏறுது’ என்கிறோம். சுவரில் கண்ணுக்குத் தெரிகிற அதே ஓதம் தரையிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. திறந்த தரையில் அது ஆவியாகிப் போய்விடுவதால் நாம் கவனிப்பதில்லை. எபாக்ஸி போட்ட அன்றைக்கு அதன் வாசலை அடைத்துவிடுகிறோம்.

நம் வீடுகளில் கார் நிற்கும் தரை எப்படிப் போடப்படுகிறது? அஸ்திவாரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே கிராவலோ வீட்டுக்குத் தோண்டிய மண்ணோ கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே 40 எம்.எம். ஜல்லிக் கலவை போட்டு, அதற்கு மேல் சாந்து பூசிவிடுகிறோம். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு கனமான பாலித்தீன் விரிப்பு போடும் வழக்கம் தனி வீடுகளில் மிகக் குறைவு. 250 மைக்ரான் பாலித்தீனுக்கு ஆகும் செலவு மொத்த வீட்டுச் செலவில் தூசு. ஆனால் தரை போட்ட பிறகு அதைச் செருக எந்த வழியும் இல்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இந்த விரிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, டேப் ஒட்டி, கம்பி குத்தாமல் விரித்துவிட்டுக் கலவையைக் கொட்டச் சொல்லுங்கள்.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் நிலத்தடித் தொட்டி, நாம் ‘சம்ப்’ என்று சொல்வது, கார் நிற்கும் இடத்துக்கு அடியிலேயே இருக்கும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளத்தின் தலைமேல் நாம் காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டப் பார்க்கிறோம்.

அடியிலிருந்து ஏறும் நீர் சும்மா வருவதில்லை. வழியிலுள்ள உப்பையும் காரத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. படலத்துக்கு அடியில் அது தேங்கும்போது உப்புச் செறிவு கூடுகிறது. செறிவு கூடிய இடம் கீழிருந்து இன்னும் நீரை இழுக்கிறது. முருங்கை வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதும் இதே சவ்வூடு பரவலால்தான். அந்த அழுத்தத்தில் எழுந்தவைதான் நான் பார்த்த அம்மைக் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளிருந்து வந்த நீர் விரலில் வழவழத்தது. காரநீர் அப்படித்தான் இருக்கும்.

ஓதம் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலித்தீன் தாள் ஒன்றை வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மறுநாள் பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் தயாராகவில்லை. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு இதற்கு டி 4263 என்று எண் கொடுத்திருக்கிறது. பைசா செலவில்லாத சோதனை. என் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் இதைச் செய்யவில்லை. செய்யச் சொல்லும் அறிவு எனக்கும் அப்போது இல்லை.

இந்தச் சோதனையை முழுதாக நம்பிவிடவும் கூடாது. ஏப்ரலில் காய்ந்து கிடக்கும் தரை நவம்பரில் ஊறும். தாளுக்கு அடியில் ஈரம் தெரியாவிட்டாலும் தரையின் ஆழத்தில் ஈரம் இருக்கலாம். பெரிய தரைகளில் கான்கிரீட்டில் துளையிட்டு, அதன் தடிமனில் 40 சதவீத ஆழத்தில் ஈரப்பதமானியை வைத்து அளக்கிறார்கள். வீட்டுக்கு அது தேவையா என்றால், சம்ப் இருக்கும் வீட்டுக்கும் ஏரியோரத்து வீட்டுக்கும் தேவை என்பேன்.

புதுத் தரை என்றால் பொறுமைதான் மருந்து. கான்கிரீட் தன் வலிமைக்கணக்கைக் காட்டுவதற்கு 28 நாள் என்று வைத்திருக்கிறோம். அதற்காக 29-ம் நாள் அது காய்ந்துவிடும் என்று பொருளில்லை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை முடித்த பிறகு, ஒரு அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் ஆகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கைக்கணக்கு. நாலு அங்குலத் தரைக்கு நாலு மாதம். கடற்கரை ஊர்களில் இன்னும் கூடும்.

ஆசிட்டா, கிரைண்டரா?

மாவுத் தோலை நீக்க இரண்டு வழிகள். ஒன்று, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது. இன்னொன்று, வைரத்துகள் பதித்த சக்கரம் பூட்டிய தரை கிரைண்டரால் அரைத்தெடுப்பது. நான் ஆசிட்டுக்கு எதிரி.

ஆசிட் ஊற்றியதும் தரை நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பது போலத் தோன்றும். நடக்கவும் செய்கிறது, காரத்தோடு வினைபுரிந்து மேல்தோலைக் கரைக்கிறது. ஆனால் எண்ணெய் ஊறிய இடத்தில் ஆசிட் ஒன்றும் செய்யாது. பழைய பெயிண்டோ சீலரோ இருந்தால் அதையும் தாண்டாது. எந்த இடத்தில் எவ்வளவு கரைத்தது என்பதும் தெரியாது. வினை முடிந்ததும் கால்சியம் குளோரைடு என்னும் உப்பைத் தரையின் துளைகளில் விட்டுச் செல்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதையே தொழிலாகக் கொண்ட உப்பு அது. அதைக் கழுவிக் களைய, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் மிச்ச ஆசிட்டை முறித்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். காயவைக்க வந்த தரையை இப்படிக் குளம் ஆக்கிவிடுகிறோம். கம்பி போட்ட தரை என்றால் அந்தக் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கவும் வைக்கும். வேறு வழியே இல்லாமல் ஆசிட் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது: தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கதவு ஜன்னல் அடைத்த இடத்தில் தொடவும் கூடாது.

கிரைண்டர் நேர்மையான கருவி. அரைத்த இடம் அரைத்த மாதிரி தெரியும், அரைக்காத இடம் அரைக்காத மாதிரி தெரியும். ஓடவிட்டால் முதலில் வெள்ளைத் தோல் போகும். பிறகு மணல் தெரியும். விளிம்புகளில் ஜல்லியின் முகம் லேசாக எட்டிப் பார்க்கும். மெல்லிய எபாக்ஸிக்கு அங்கே நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சொரசொரப்பைச் சும்மா கண்ணால் மதிப்பிட வேண்டாம் என்று, கான்கிரீட் செப்பனிடுவோருக்கான ஒரு சர்வதேச அமைப்பு 1 முதல் 10 வரை எண்ணிட்ட ரப்பர் மாதிரித் துண்டுகளை வெளியிட்டிருக்கிறது. தரையையும் துண்டையும் தடவித் தடவி ஒப்பிடலாம். கார் தரையின் மெல்லிய பூச்சுக்கு 1-லிருந்து 3-க்குள் இருந்தால் போதும். அந்தத் துண்டுகள் கையில் இல்லையென்றால், தச்சர் வைத்திருக்கும் நடுத்தர உப்புத்தாளைத் தடவிப் பாருங்கள். தரை அந்த மாதிரி கையில் உறைக்க வேண்டும்.

அரைத்த பிறகு தரை முழுக்க அங்கங்கே தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். துளி ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இறங்கினால் சரி. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது.

எண்ணெய்தான் மெக்கானிக் ஷெட்களின் பெரும் வேதனை. புதுப்பேட்டைப் பக்கம் பல ஆண்டுகள் ஓடிய ஷெட் ஒன்றின் தரையைக் கொத்திப் பார்த்தால், கால் அங்குல ஆழத்திலும் கறுப்பு இருக்கும். மரத்தூளும் சிமெண்ட்டும் தூவிக் கூட்டுவது மேலே சிந்தியதை மட்டும்தான் எடுக்கும். கொதிநீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றித் தேய்ப்பதும், எண்ணெய் நீக்கும் கரைசலை ஊறவைத்துத் தேய்ப்பதும் ஓரளவு உதவும். சீமைச் சுண்ணாம்புத் தூளைக் கரைப்பானில் குழைத்து, கறைமேல் அப்பி, மூடிவைத்து உறிஞ்ச விடுவது இன்னும் ஆழமாக இழுக்கும். அதற்கும் போகாவிட்டால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதுச் சாந்து வைப்பதுதான் வழி.

விரிசல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அசையாத பழைய விரிசலை வெட்டி அகலப்படுத்தி எபாக்ஸிப் பசையால் அடைக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு திறந்து மூடும் விரிசலை எதை வைத்து அடைத்தாலும் பூச்சில் அதே கோடு மீண்டும் வரும்.

இனி நான் சொல்லப்போவது இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமானது.

கிரைண்டர் ஓடும்போது எழும் தூசு வெறும் சிமெண்ட் தூசு அன்று. மணலிலும் கருங்கல் ஜல்லியிலும் எம்-சாண்டிலும் இருப்பது படிகச் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள்கள் மூக்கின் மயிரிலோ தொண்டையின் சளியிலோ சிக்குவதில்லை. நேரே நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்த் தங்கிவிடுகின்றன. அங்கே தழும்பு ஏறி ஏறி நுரையீரல் விரிய மறுக்கும் நோய்தான் சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் இந்தத் தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. அமெரிக்கா 2016-ல் ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் தொழிலாளி சுவாசிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. நம் நாட்டின் தொழிலாளர் சட்டமும் சிலிகோசிஸைத் தெரியப்படுத்தியே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் நம் வீட்டு போர்டிகோவில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும் பையனை எந்தச் சட்டமும் வந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

என் வீட்டுக்கு இரண்டாம் முறை வேலைக்கு வந்தவர்களில் மூத்தவர் ஒருவர், “சார், வேக்குவம் மெஷினோட வந்தா வாடகை ஜாஸ்தி ஆகும், வேண்டாம்னு சொல்ற பார்ட்டிதான் நிறைய” என்றார். கிரைண்டரின் மூடியோடு இணைத்த, நுண்வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சி அது. அது இருந்தால் தூசில் பெரும்பகுதி காற்றில் கலப்பதற்குள் பைக்குள் போய்விடும். அதோடு முகத்தில் இறுகப் பொருந்தும் என் 95 முகக்கவசமாவது வேண்டும். கைத்துண்டு சிலிக்காவுக்கு ஒரு பொருட்டே இல்லை. எபாக்ஸிக்கான மொத்தத் தொகையில் இந்த வாடகையைக் குறைக்கப் பேரம் பேசுவது, எதிரே நிற்பவரின் மூச்சைப் பேரம் பேசுவதுதான்.

கலந்த நிமிடத்திலிருந்து

எபாக்ஸியின் கதை தரையில் தொடங்கவில்லை, பல்லில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில், செயற்கைப் பல் செட்டுக்கு நல்ல பொருள் தேடியபோது கிடைத்த பிசின்களில் ஒன்று இது. 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல்லுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சீபா நிறுவனம் அந்த உரிமையைப் பெற்று, ‘அரால்டைட்’ என்ற பெயரில் ஒட்டும் பொருளாக விற்றது. உடைந்த பொம்மை ஒட்ட இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலக்கும் அதே பொருளின் உறவினர்தான் நம் தரைக்கு வருவதும்.

பிசின் ஒரு வாளி, கடினமாக்கி ஒரு வாளி. கலந்த நொடியிலேயே வினை தொடங்கிவிடும். வினையில் வெப்பம் பிறக்கும். வெப்பம் வினையை இன்னும் முடுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மே மாதச் சென்னையில் வாளியிலேயே விட்டுவைத்தால் கை வைக்க முடியாதபடி சூடேறி, புகைந்து, கல்லாகிவிடும். அதனால் கலந்ததும் முழுவதையும் தரையில் நீளக் கோடாக ஊற்றிவிட வேண்டும். தரையில் மெல்லியதாகப் பரவியது வெப்பத்தைத் தரைக்குக் கொடுத்துவிடும், வேலைக்கு நேரம் கிடைக்கும். வாளியின் ஓரத்திலும் அடியிலும் கலக்காத பிசின் ஒட்டியிருக்கும். அதை வழித்துத் தரையில் விட்டவர்கள், என்றைக்கும் காயாத பிசுபிசுப்புத் திட்டு ஒன்றைப் பெறுவார்கள். கலந்ததை இரண்டாவது வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குவது அந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

எவ்வளவு வாங்குவது? கணக்கு எளிது. கரைப்பான் கலக்காத எபாக்ஸி ஒரு லிட்டர், ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனாக நிற்கும். 200 சதுர அடி போர்டிகோ சுமார் 18.6 சதுர மீட்டர். 300 மைக்ரான் தடிமனுக்கு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் கலந்த வகையில் பாதி ஆவியாகிப் போய்விடும் என்றால் தடிமனும் பாதிதான். ‘ஒரு லிட்டருக்கு இத்தனை சதுர அடி’ என்று யார் வாரி வழங்கினாலும், காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்று கேளுங்கள். விலை வித்தியாசத்தின் காரணம் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. பஞ்சாங்கத்தைவிட வெப்பமானியை நம்ப வேண்டிய இடம் இது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனி படியும். தரையின் வெப்பம் அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 29. நிழலான போர்டிகோவின் தரை காற்றைவிடக் குளிர்ந்திருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனிப் படலம் பூச்சுக்கும் தரைக்கும் நடுவே சிக்கினால் பிடிப்பு போயிற்று. மேலே படிந்தாலோ, காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் கடினமாக்கியோடு சேர்ந்து வெளிறிய மெழுகுப் பிசுக்காகும். அதைக் கழுவாமல் இரண்டாவது கோட் போட்டால் அதுவும் உரியும்.

காலையில் பூசினால் இன்னொரு சிக்கல். வெயில் ஏற ஏறத் தரைத் துளைகளில் உள்ள காற்று விரிந்து, காயாத பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஊசித் துளைகளாக அது நிலைத்துவிடும். தரை சூடேறி முடித்து இறங்கத் தொடங்கும் பிற்பகலே முதல் கோட்டுக்கு நல்ல நேரம். இரவுப் பனி வருவதற்குள் ஓரளவு இறுகியும் விட வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தரை காய்ந்து, கோடை உக்கிரம் தொடங்காத பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சென்னைக்கு ஏற்றவை. நான் தேர்ந்தெடுத்தது அக்டோபர்.

இனி டயர். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். மலிவான, மெல்லிய பூச்சு அந்தச் சூட்டில் இளகும். ஆறும்போது ரப்பர் சுருங்கி, இளகிய படலத்தைப் பற்றி இழுக்கும். அரைத்த தரையில் தடிமனாகப் போட்டு முழுதாக இறுகிய பூச்சு இதைத் தாங்கும். அதற்கு ஏழு நாள் கார் தெருவில் நிற்க வேண்டும். மறுநாள் காலில் ஒட்டவில்லை என்பதற்காகக் காரை ஏற்றிவிடாதீர்கள். வெயில் நேரே விழும் தரையில் எபாக்ஸி மஞ்சளித்து மாவாகும். அங்கே மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் கோட் வேண்டும்.

மழையில் நனைந்த செருப்போடு வயதானவர்கள் வரும் வாசல் என்பதால், கடைசிக் கோட்டில் அலுமினியம் ஆக்சைடு துகளைத் தூவச் சொன்னேன். பளபளப்பு குறைந்தது. அம்மா வழுக்காமல் நடக்கிறார்.

வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் கையில் ஒட்டிய பிசினைத் தின்னரால் துடைப்பது எங்கும் காணும் காட்சி. தின்னர் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டுப் பிசினை இன்னும் உள்ளே செலுத்துகிறது. காயாத எபாக்ஸி பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அந்த வாளியைத் திறந்தாலே தோல் தடித்துச் சிவக்கும். பலர் தொழிலையே விட வேண்டியிருக்கிறது. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கி வைப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய காரியம்.

எல்லாத் தரைக்கும் எபாக்ஸி தேவையும் இல்லை. ஓதம் நிற்காத தரைக்கு லித்தியம் அல்லது சோடியம் சிலிகேட் கரைசல் நல்ல துணை. அது மேலே படலமாக நிற்பதில்லை. உள்ளே இறங்கி, கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் அதே வகைப் பொருளாக மாறித் துளைகளை அடர்த்தியாக்குகிறது. தூசு எழுவது குறைகிறது, ஆவி போக வழி மிச்சமிருக்கிறது. உரிய எதுவும் இல்லை. எண்ணெய் சிந்தினால் கறை படியும் என்பதுதான் குறை. பாட்டி வீட்டுத் தரைக்கு நெருங்கிய உறவு என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் முறை நாங்கள் அடுத்த பிப்ரவரி வரை காத்திருந்தோம். பழைய பூச்சு முழுவதையும் அரைத்தெடுக்க ஒரு நாள். பிறகு ஐந்து இடங்களில் பாலித்தீன் தாள் ஒட்டினோம். மறுநாள் காலை நான்கு இடங்களில் தாளின் அடி உலர்ந்திருந்தது. சம்ப்பின் மூடியை ஒட்டிய ஐந்தாவது தாளில் முத்து முத்தாக நீர். பத்து நாள் கழித்து மறுபடி ஒட்டினோம். மறுபடியும் நீர். மூத்தவர் குனிந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இத விட்ருங்க சார்” என்றார்.

விட்டுவிட்டோம். சம்ப்பைச் சுற்றி நாலடி அகலத்துக்குக் கோடு கிழித்து, அந்தப் பகுதிக்குச் சிலிகேட் மட்டும் போட்டோம். மிச்சத்துக்கு எபாக்ஸி. பார்க்கிறவர்கள் பெயிண்ட் பற்றாமல் போயிற்றா என்று கேட்கிறார்கள். போன நவம்பரில் நான்கு நாள் தொடர்மழை. சாம்பல் பூச்சு அப்படியே இருந்தது. பூச்சில்லாத அந்த நாலடி மட்டும் மெல்ல மெல்லக் கறுத்து ஈரமாகியது. மழை விட்டு வெயில் வந்த மூன்றாம் நாள், விளிம்பிலிருந்து உள்நோக்கி வெளுத்து வெளுத்து, மாலைக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.